பன்னிரண்டும் சரி

பால்துரை டாக்டர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அவன் ஊரில் யாரும் இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். இடைசெவலுக்கு மேற்கே, மெயின் ரோட்டை விட்டு ரெண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிற சின்ன ஊர். அறுபது வீடு, ஒரு மாதா கோயில், ஒரு ரேஷன் கடை. யாருக்குக் கால் வீங்கினாலும், பிள்ளைக்கு வயிறு ஊதினாலும், "சனிக்கிழமை டாக்டர் வருவாவல்லா, காட்டுவோம்" என்பார்கள். சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்குவது பால்துரை. திருநெல்வேலிப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் அவனுக்கு அட்டெண்டர் வேலை. அதுவும் நோயாளிகள் இருக்கிற பக்கமே இல்லை. மாணவர்கள் பிணம் அறுத்துப் படிக்கிற கூடத்தில்.

பதினாலு வருச சர்வீஸ். பிணம் கெடாமல் இருக்க ஊற்றுகிற மருந்தின் வாடை அவன் சட்டையை விட்டுப் போகாது. அவன் பெண்டாட்டி பேபி அந்தச் சட்டைகளைத் தனி வாளியில்தான் நனைப்பாள். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, வேலையில் சூரன். மண்டை ஓட்டை ரம்பம் வைத்து வட்டமாக அறுத்து, மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கிற மூளையைச் சேதாரமில்லாமல் எடுத்துக் கொடுப்பதில் அந்தக் காலேஜில் அவனை அடிக்க ஆள் கிடையாது. மூளையிலிருந்து பன்னிரண்டு ஜோடி நரம்பு நேராகக் கிளம்புகிறது. மூக்குக்கு, கண்ணுக்கு, முகத்துக்கு, காதுக்கு, நாக்குக்கு என்று. அதில் நாலாவது நரம்பு நூல் கனம்தான் இருக்கும். அவசரக்காரன் மூளையைத் தூக்கினால் அது அறுந்துவிடும். பால்துரை தூக்கினால் அறாது. பரீட்சை சமயத்தில் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து, "அண்ணாச்சி, அந்த நாலாவது நரம்ப மட்டும் ஒரு தடவ காட்டுங்க" என்று அவனைச் சுற்றி நிற்பார்கள். இத்தனை மரியாதை கிடைத்தால் யாருக்குத்தான் தலைக்கனம் வராது? அவனுக்கும் வந்தது.

ஒன்றை மட்டும் அவன் யோசித்ததில்லை. அத்தனை வருசத்தில் அவன் கைக்கு வந்த மூளைகளில் ஒன்றுகூட உயிரோடு வந்ததில்லை.

1996 ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின ரெண்டு நாளும் நல்ல மழை. கரிசலில் ஈரம் காய்வதற்குள் விதைத்துவிட வேண்டுமென்று ஊரே காட்டுக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தது. பால்துரையின் தங்கச்சி சந்தனமேரி. அவள் புருசன் சூசைமாணிக்கம், விதைப்பயறு வாங்க விடிந்ததும் மோட்டார் சைக்கிளில் இடைசெவலுக்குப் போனான். திரும்பி வருகிற வழியில், டிராக்டர் சக்கரத்திலிருந்து உதிர்ந்த சகதி ரோடு முழுக்க அப்பிக் கிடந்தது. கரிசல் சகதியைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்கள், தார் ரோட்டில் விளக்கெண்ணெயை ஊற்றி வைத்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி வழுக்கி, சூசைமாணிக்கத்தின் தலை பாலத்துச் சுவரில் மோதியது. கொஞ்ச நேரம் நினைவில்லாமல் கிடந்திருக்கிறான். பிறகு தானே எழுந்து, பயறு மூட்டையை வண்டியில் வைத்து, உருட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்துவிட்டான். அப்போது மணி எட்டரை.

"ஏட்டி மேரி, வண்டிதான் போச்சு, பயறு தப்பிச்சிட்டு" என்று வாசலில் நின்று சிரித்தான்.

வலது பக்கம் நெற்றிப்பொட்டில் எலுமிச்சம்பழம் தண்டிக்கு வீங்கியிருந்தது. ரத்தம் பெரிதாக இல்லை. சந்தனமேரி போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. தீப்பெட்டி ஆபீசுக்குப் பெண்களை ஏற்றிப்போகிற வேன்காரன் காமராஜ் முதல் ஆளாக வந்து நின்றான்.

"வேன் சும்மாத்தான் நிக்கி. ஏறச் சொல்லுங்க, கோவில்பட்டிக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துருவோம்" என்றான்.

சூசைமாணிக்கம் வேனில் ஒரு காலைக்கூட வைத்துவிட்டான். அந்த நேரம் பார்த்துத்தான் பால்துரை வந்தான். அவன் கொஞ்சம் பிந்தி வந்திருக்கலாம். ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு வந்திருந்தாலே போதும்.

"எங்க கெளம்பிட்டிய? கோவில்பட்டியில என்ன பாப்பாவ, நான் பாக்காதத? ஒரு ஊசியப் போட்டு அனுப்புவாவ. எறங்கும் மாப்ள, நான் பாக்கேன்."

சூசைமாணிக்கத்தைக் கட்டிலில் உட்கார வைத்தான். கூட்டம் சுற்றி நின்றது. காபித்தூள் டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி, கண்ணை மூடி முகரச் சொன்னான். விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டான். அதே விரலை மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஓட்டி, கண்ணால் பின்தொடரச் சொன்னான். கன்னத்தைத் தொட்டான், பல்லைக் காட்டச் சொன்னான், காதோரம் விரலைத் தேய்த்தான், 'ஆ' சொல்லச் சொன்னான், தோளைத் தூக்கச் சொன்னான், கடைசியாக நாக்கை நீட்டச் சொன்னான். வாத்தியார் வகுப்பில் செய்து காட்டுவதைக் கதவோரம் நின்று பார்த்துப் பார்த்து மனப்பாடம் ஆனது. ஒரு இடம் பிசகவில்லை.

"மச்சான், உம்ம காலேஜுல படுத்துக் கெடக்குற ஆள்கள் எல்லாம் இப்படித்தான் நாக்க நீட்டுவாவளா?" என்று சூசைமாணிக்கம் கேட்க, கூட்டம் சிரித்தது. பால்துரையும் சிரித்தான்.

"பன்னிரண்டும் சரி" என்றான். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி ஒரு பிரசங்கமே வைத்தான். "மண்டை ஓட்டுக்குள்ள மூளை சும்மா கெடக்குன்னு நெனச்சியளா? மூணு உறை போட்டு வச்சிருக்கான் ஆண்டவன். அடியில உள்ளது வெங்காயத் தோலு மாதிரி, மூளையோட ஒட்டிக் கெடக்கும். நடுவுல உள்ளது ஒட்டடை மாதிரி. அது ரெண்டுக்கும் ஊடால தண்ணி, மூளை அந்தத் தண்ணியிலதான் மெதக்கு. எல்லாத்துக்கும் மேல உள்ள உறை இருக்கே, அது தோலு. செருப்புத் தைக்கலாம். நான் கத்திரி வச்சு வெட்டுனா எனக்கே கை கடுக்கும். இந்தப் பாலத்துச் சுவரு அத என்ன செய்யும்?"

கேட்டவர்களுக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. காமராஜ் வேனைக் கொண்டுபோய் வேப்பமரத்தடியில் நிறுத்தினான்.

ஒரு மணி நேரம் கழித்துத் தலை வலிக்கிறது என்றான் சூசைமாணிக்கம். ஒரு தடவை வாந்தியும் எடுத்தான். சந்தனமேரி ஓடிவந்து சொன்னபோது பால்துரை கோயில் கமிட்டிக் கூட்டத்துக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். கல்லறைத் திருநாள் வருகிறது, சுவருக்கு வெள்ளை அடிக்க வேண்டும், அதற்குக் கூட்டம்.

"வெறும் வயித்துல அதிர்ச்சி, வேற ஒண்ணுமில்ல. காட்டுக்கு விட்டுராத. நல்லா ஒரு தூக்கம் தூங்கி எந்திரிச்சா சரியாயிரும். யாரும் எழுப்பாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

திரும்பி வந்தது ரெண்டரை மணிக்கு. சூசைமாணிக்கம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அந்தக் குறட்டை வீட்டுக்குள் நுழையும்போதே பால்துரைக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தில் போய்த் தோளை உலுக்கினான். இன்னும் பலமாக உலுக்கினான். பிறகு கண் இமை ரெண்டையும் விரலால் தூக்கினான். இடது கண்ணில் கருமணி ஊசித்துளை போலச் சின்னதாக இருந்தது. வலது கண்ணில் முழுக்க விரிந்து கிடந்தது. கருமணியைச் சுருக்குவது மூன்றாவது நரம்பு. அது உள்ளே எதிலோ நசுங்குகிறது. பதினாலு வருசம் கேட்ட பாடத்தில் அந்த வரி அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது.

"வேன எடுலே!" என்று அவன் கத்தின கத்தலில் கட்டிலடியில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது.

கயத்தாறு தாண்டும்போது இடது கண்ணும் விரிந்துவிட்டது. புருசன் தலையை மடியில் வைத்திருந்த சந்தனமேரி ஜெபமாலை சொல்லிக்கொண்டே வந்தாள். நடுவில் நிறுத்தி, "அண்ணே, ஒண்ணுமில்லல்லா?" என்று கேட்பாள். "ஒண்ணுமில்ல" என்பான். அவள் விட்ட இடத்திலிருந்து தொடருவாள்.

திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரியில் அன்றைக்கு டூட்டியில் இருந்த டாக்டர் ஹரி. ஒரு காலத்தில் பால்துரைக்கு டீ வாங்கிக் கொடுத்த பையன்தான். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தவுடன் முகம் மாறிவிட்டது. பால்துரையைத் தனியாக வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"அண்ணாச்சி, எப்ப விழுந்தாரு?"

"காலைல எட்டரைக்குக் கொஞ்சம் முன்ன."

"எந்திரிச்சு நல்லாப் பேசிட்டு இருந்தாராமே? அப்பமே கொண்டாந்திருந்தா ஒரு ஓட்டை போட்டு ரத்தத்த வெளிய எடுத்துருக்கலாம். நாலு நாள்ல நடந்து வீட்டுக்குப் போயிருப்பாரு. இப்ப..." என்று நிறுத்தியவர் கேட்டார்: "நீங்க கூட இருந்தீங்களா?"

"இல்ல சார். நான் கோயிலுக்குப் போயிருந்தேன்" என்றான் பால்துரை.

அப்படிச் சொல்ல வேண்டுமென்று அவன் நினைக்கவில்லை, வாயில் வந்துவிட்டது. பொய்யும் இல்லை பாருங்கள், கோயிலுக்குப் போனவன்தானே. அந்தச் சின்ன நிசத்தைப் பிடித்துக்கொண்டு அவன் எவ்வளவு பெரிய கிணற்றில் இறங்கினான் என்பது பிறகுதான் தெரிந்தது. சாயங்காலம் ஆறு மணிக்குள் சூசைமாணிக்கம் போய்ச் சேர்ந்தான். வயது முப்பத்திரண்டு.

மறுநாள் பிரேதப் பரிசோதனை. பிணத்தைக் கண்டு ஒரு நாளும் கூசாதவன் அன்றைக்கு உள்ளே போகவில்லை, வெளியே குழாயடியில் உட்கார்ந்திருந்தான். ஹரிதான் வந்து சொன்னார். நெற்றிப்பொட்டு எலும்பில் முடி போல ஒரு விரிசல். எலும்பின் உள்பக்கத்தை ஒட்டிப் போகிற ரத்தக்குழாய் அதில் கிழிந்திருக்கிறது. எலும்புக்கும் மேல் உறைக்கும் நடுவில் ஒரு கை அளவு ரத்தம் கட்டி நின்றது. உறை கிழியவே இல்லை. ரத்தம் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து, அந்தக் கெட்டி உறையோடு சேர்த்து மூளையை உள்ளே தள்ளியிருக்கிறது. அது சேர எடுத்துக்கொண்ட நேரத்தில்தான் சூசைமாணிக்கம் சிரித்தான், பேசினான், நாக்கை நீட்டினான்.

அந்த ரத்தக்குழாய் ஓடுகிற தடத்தைப் பால்துரைக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு மண்டை ஓட்டின் உள்பக்கத்திலும் கிளைகிளையாகப் பள்ளம் விழுந்திருக்கும். பிரஷ் வைத்து அதில் எத்தனை தடவை தூசி தட்டியிருக்கிறான்! அதில் ரத்தம் ஓடும் என்று மட்டும் அவனுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அவன் பார்த்த ஆட்களுக்கு ரத்தம் ஓடி முடிந்திருந்தது.

பரிசோதனைத் தாள் இங்கிலீசில் இருந்தது. வீட்டில் சந்தனமேரி அதை நீட்டி, "என்ன போட்டிருக்காவ?" என்று கேட்டாள். உறவெல்லாம் சுற்றி இருந்தது. அவள் கண்ணைப் பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது.

"நெஞ்சுவலி" என்றான். "தலையில பட்ட அடிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

தாளை நாலாக மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். வேறு யாரும் கேட்கவில்லை. டாக்டர் சொன்ன பிறகு யார் கேட்பார்கள்?

ஏழு வருசம் ஓடியது. ஓடியது என்று நாம் சொல்கிறோம், அவனைக் கேட்டால் ஒவ்வொரு நாளையும் இழுத்துக்கொண்டு வந்தேன் என்பான். காலேஜில் மூளை எடுக்கிற வேலையை இன்னொருத்தனிடம் தள்ளிவிட்டான். ஊருக்கு மாதம் ஒரு தடவை வருவதே பெரிதாகிவிட்டது. வந்தாலும் சந்தனமேரி வாசலைத் தாண்டும்போது வேகமாக நடப்பான். அவள் விடமாட்டாள். "அண்ணே, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்று கூப்பிட்டு மீன் துண்டை அவன் தட்டில் எடுத்து வைப்பாள். துக்கம் கேட்க வருகிறவர்களிடம், "எங்க அண்ணன் கூடவே இருந்து பாத்தாவ. அவியளாலயே முடியலன்னா ஆண்டவன் சித்தம்தான, நாம என்ன செய்ய?" என்பாள். பால்துரை பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போய்விடுவான். சொல்லிவிட வேண்டும் என்று எத்தனை தடவை வாயெடுத்தான்! அவள் நிம்மதியைக் கெடுப்பானேன் என்று ஒவ்வொரு தடவையும் தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டான். கெடுவது தன் பெயர் என்பதும் அவனுக்குத் தெரியும். அவ்வளவு முட்டாள் இல்லை.

2004 மாசியில் ஒரு ஞாயிறு காலை. சந்தனமேரி வீட்டுக்கு எதிர்வீட்டு அழகுத்தாய், மாடியில் வத்தல் காயப்போட்டுவிட்டு இறங்கும்போது படியில் தவறி விழுந்தாள். சுவர் முனையில் தலை இடித்துவிட்டது. ஒரு நிமிசம் கண் சொருகிக் கிடந்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்து, டீ கேட்டு வாங்கிக் குடித்தாள். காதுக்கு மேலே வீக்கம். பால்துரை அன்றைக்கு ஊரில் இருந்தான். அவனுக்கு ஆள் வந்தது. அவன் போய்ச் சேர்வதற்குள் அங்கே சந்தனமேரி பேசிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் பயப்படாதீங்க. எங்க வீட்டு ஆளுக்கு இதவிடப் பெரிய அடி. அண்ணன் பாத்து, பன்னிரண்டும் சரின்னு சொன்னாவ. சரியாத்தான் இருந்துச்சு. பாழாப்போன நெஞ்சுவலிதான் அவியளக் கொண்டு போச்சு. தலைக்கு மூணு உறை இருக்கு. பேசாம படுக்க வைங்க, தூங்கட்டும்."

அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவன் பெற்றுப்போட்ட பிள்ளை. வாசலிலேயே நின்றுவிட்டான்.

"வாங்க அண்ணாச்சி" என்றான் அழகுத்தாயின் புருசன் சுந்தரபாண்டியன். "அந்த வெரலக் காட்டிப் பாப்பியளே, ஒரு தடவ பாத்துச் சொல்லிருங்க. நாளைக்குத் தீப்பெட்டி ஆபீஸ் லீவு விட மாட்டாவ, அவ வேலைக்குப் போணும்."

"பாக்க மாட்டேன். திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போ. இப்பமே."

"நல்லாத்தான பேசுதா?"

"பேசுவா. மத்தியானம் வரைக்கும் பேசுவா."

சுந்தரபாண்டியன் முழித்தான். டாக்டருக்கு இன்றைக்கு என்ன ஆச்சு என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். அழகுத்தாய் தலையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணுமில்ல, கொஞ்சம் படுத்தா போதும்" என்று சொல்லிச் சாயப் போனாள். பால்துரை பாய்ந்து அவள் தோளைப் பிடித்து நிமிர்த்தினான்.

"படுக்காத! எல்லாரும் கேளுங்க. சூசைமாணிக்கம் நெஞ்சுவலியில சாகல. தலைக்குள்ள ரத்தம் கட்டிச் செத்தான். அன்னைக்குக் காமராஜ் வேனுல ஒரு கால வச்சவன எறக்குனது நான். அப்பமே போயிருந்தா பொழச்சிருப்பான்னு பெரிய டாக்டர் எங்கிட்டச் சொன்னாரு. தாளுலயும் அதான் போட்டிருக்கு. நான் மாத்திச் சொன்னேன். எனக்கு அன்னைக்கும் ஒண்ணும் தெரியாது, இன்னைக்கும் தெரியாது. நான் செத்தவங்களத்தான் பாத்திருக்கேன். இவள ஏத்துங்க!"

முதலில் அசைந்தது காமராஜ்தான். ஓடிப்போய் வேனைக் கிளப்பினான். பால்துரை வேனில் ஏறும்போது சந்தனமேரி இருந்த பக்கம் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

அழகுத்தாய் பிழைத்துக்கொண்டாள். அவளுக்கும் அதேதான், மதியத்துக்குள் மண்டையில் ஓட்டை போட்டு ரத்தத்தை எடுத்துவிட்டார்கள். பன்னிரண்டாம் நாள் மொட்டைத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வேனை விட்டு இறங்கி நடந்து வந்தாள். ஊரே வேடிக்கை பார்த்தது. கூட்டத்தில் நின்று சந்தனமேரியும் பார்த்தாள். அழகுத்தாய் நடந்து வாசற்படி ஏறுவதை, குனிந்து செருப்பைக் கழற்றுவதை, எல்லாவற்றையும் பார்த்தாள். அந்தப் பன்னிரண்டு நாளும் பால்துரை லீவு போட்டு ஊரில்தான் இருந்தான், சந்தனமேரி அண்ணன் வீட்டுப் பக்கம் வரவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வந்தாள்.

பேபி ஓடிப்போய்ப் பாய் விரித்தாள். சந்தனமேரி உட்காரவில்லை. பால்துரை எழுந்து நின்றான். திட்டட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும், அறையட்டும் என்றுதான் காத்திருந்தான். உண்மையைச் சொன்னால் அதற்கப்புறம் அவளுடைய கோபத்தை வாங்கிக்கொள்வதோடு கணக்குத் தீர்ந்துவிடும் என்று அவன் நினைத்திருந்தான். அவளுக்குக் கோபமே வரவில்லை.

"அண்ணே, அன்னைக்கு நீங்க கூட்டத்துக்குப் போன பெறகு அவிய ரெண்டு தடவ எந்திரிச்சாவ" என்றாள். "தலை வெடிக்கி மேரி, காமராஜக் கூப்பிடு, எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்கன்னாவ. நாந்தான் போக விடல. அண்ணன் தூங்கச் சொல்லிருக்காவ, பேசாமப் படுங்கன்னு ரெண்டு கையையும் புடிச்சு அமுக்கிப் படுக்க வச்சேன். முனங்கிக்கிட்டே கெடந்தாவ. பக்கத்துல உக்காந்து தட்டிக் கொடுத்தேன். பெறகு சத்தம் அடங்கிட்டு. தூங்கிட்டாவன்னு நெனச்சேன்."

பால்துரை, "மேரி" என்றான்.

"இந்த ஏழு வருசமும் எனக்கு இருந்த ஒரே ஆறுதல் அது மட்டுந்தான் அண்ணே. கடைசியில நம்ம கையால தட்டித் தூங்க வச்சோமேன்னு."